பெரட்டுக்கு முன்னா, படுக்கப் போகும்போதா?

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் விடியும் முன்பே பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு முடிந்துவிடும். பால்மரம் வெட்டுகிறவர் தலைவிளக்கோடு நிரைக்குள் நுழையும்போது இன்னும் இருட்டு விலகியிருக்காது. செம்பனைக் குலை அறுக்கிறவர் நீளக் கம்பில் கட்டிய அரிவாளோடு மோட்டார் சைக்கிளில் கிளம்பியிருப்பார். எச்.ஐ.வி. மாத்திரை சாப்பிடுகிறவருக்கு முதல் சிக்கல் இங்கேதான். ‘தினமும் ஒரே நேரத்தில் விழுங்குங்கள்’ என்று கிளினிக்கில் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். எந்த நேரம் என்பதை லயத்து வாழ்க்கைதான் முடிவு செய்கிறது.

முதலில் டப்பாவில் இருப்பது எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். மலேசிய அரசு மருத்துவமனைகள் பல ஆண்டுகளாகப் பரவலாகக் கொடுத்து வந்த முதல் வரிசை மருந்து இரண்டு மாத்திரை கொண்டது. டெனோஃபோவிர் 300 மில்லிகிராமும் எம்ட்ரிசிடபின் 200 மில்லிகிராமும் சேர்ந்தது ஒன்று, எஃபவிரென்ஸ் 600 மில்லிகிராம் இன்னொன்று. அண்மைக் காலத்தில் எஃபவிரென்ஸ் இருந்த இடத்துக்கு டொலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் வந்துகொண்டிருக்கிறது. சிலருக்கு டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் ஒரே மாத்திரையாகக் கிடைக்கிறது. பெயரைக் காகிதத்தில் எழுதி வாங்கி, அடையாள அட்டையோடு பர்சில் வைத்துக்கொள்வது நல்லது. ‘பெரிய வெள்ளை மாத்திரை’ என்று சொன்னால் வேறு ஊர் கிளினிக்கில் யாருக்கும் ஒன்றும் விளங்காது.

எஃபவிரென்ஸ் இரவு மாத்திரை. இரவுச் சாப்பாடு முடிந்து ஓரிரு மணி நேரம் கழித்து, படுக்கப் போகும்போது விழுங்க வேண்டும். எண்ணெய்ப் பண்டம், ஆட்டிறைச்சிக் குழம்பு, ரொட்டி சானாய் என்று வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு போட்டால் மருந்து ரத்தத்தில் அளவுக்கு மேல் ஏறும், தலை சுற்றும். முதல் இரண்டு மூன்று வாரம் கிறுகிறுப்பும் தெளிவான, விசித்திரமான கனவுகளும் வருவது பலருக்கு உண்டு. பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் அடங்கிவிடும். காலை ஐந்தரைக்குப் பெரட்டில் நிற்க வேண்டியவர் இரவு பதினொன்றுக்கு மாத்திரை போட்டால், கையில் உளி இருக்கும்போது மயக்கம் மிச்சமிருக்கும். ஒன்பது மணிக்குள் போட்டுவிட்டுப் படுப்பது தோட்டத்துக்கு ஒத்துவரும். மனம் கனத்துப்போய், வாழ்ந்து என்ன பயன் என்ற நினைப்பு தலைகாட்டினால் அதைக் கனவுக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மறுநாளே டாக்டரிடம் சொல்ல வேண்டும். மருந்தை மாற்ற வழி இருக்கிறது.

டொலுடெக்ராவிருக்கு இந்தக் கெடுபிடி இல்லை. சாப்பாட்டோடும் போடலாம், வெறும் வயிற்றிலும் போடலாம். சிலருக்குத் தூக்கம் கெடும் என்பதால் காலைத் தேநீரோடு வைத்துக்கொள்வது உத்தமம். சிலருக்கு எடை கூடும். அதற்காக நிறுத்துகிறவர்களும் உண்டு, அது வேண்டாத வேலை.

நேரத்தைப் பற்றி இவ்வளவு பேசுவதே ஒரு காலத்தில் ஆடம்பரமாக இருந்திருக்கும். 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். அதே ஆண்டு கடைசியில் மலேசியாவிலும் முதல் நோயாளிகள் பதிவானார்கள். அப்போது மருந்தே இல்லை. மறு ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சிடோவுடின்தான் முதல் மாத்திரை. அதை நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை, நடுச்சாமத்திலும் அலாரம் வைத்து எழுந்து விழுங்க வேண்டியிருந்தது. நாளுக்கு ஒரே மாத்திரை என்ற நிலை 2006இல்தான் வந்தது.

விலையும் அப்படித்தான். 2003 நவம்பரில் மலேசிய அரசாங்கம் காப்புரிமையை மீறிச் செல்லும் ‘அரசாங்கப் பயன்பாடு’ என்ற சட்ட உரிமையைக் கையில் எடுத்து, மும்பையின் சிப்லா நிறுவனத்திடமிருந்து எச்.ஐ.வி. மருந்துகளை இறக்குமதி செய்ய அனுமதித்தது. காப்புரிமை வைத்திருந்த நிறுவனங்களுக்கு இது கசப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு நோயாளிக்கான மாதச் செலவு சுமார் 80 விழுக்காடு இறங்கியது. இன்று சிரம்பான் துவாங்கு ஜாஃபர் மருத்துவமனையிலோ போர்ட்டிக்சன், கோலப்பிலா பக்கத்து அரசு மருத்துவமனையிலோ மலேசியக் குடிமகன் முதல் வரிசை மருந்தைக் காசு கொடுக்காமல் வாங்கிப் போவதற்குப் பின்னால் அந்தத் துணிச்சலும் இருக்கிறது. வெளிநாட்டுத் தொழிலாளிக்கு இந்தச் சலுகை இல்லை. ஃபோமேமா பரிசோதனையில் எச்.ஐ.வி. தெரிந்தால் வேலை அனுமதியே போய்விடும். இன்று தோட்டங்களில் குலை அறுப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் யார் என்று சுற்றிப் பார்க்கிறவர்களுக்கு, இந்த விதி எத்தனை பேரைப் பரிசோதனைக்கே போகாமல் ஒளிய வைக்கும் என்பது புரியும்.

ஒரு வேளை மறந்துபோனால்?

நாளுக்கு ஒரு தடவை சாப்பிடும் மாத்திரையானால், பன்னிரண்டு மணி நேரத்துக்குள் நினைவு வந்தால் உடனே போட்டுக்கொள்ளலாம். இரவு ஒன்பது மணி எஃபவிரென்ஸை மறந்தவர் காலையில் நினைத்துக்கொண்டால், அன்று வேலைக்குப் போகாத, வண்டி ஓட்டாத நாளானால் போடலாம். வேலைக்குப் போகும் அவசரத்தில் போட்டுக்கொண்டு அரிவாளைத் தூக்குவது ஆபத்து. பன்னிரண்டு மணி நேரம் தாண்டிவிட்டால் அந்த வேளையை விட்டுவிட்டு, அடுத்ததை வழக்கமான நேரத்தில் போட வேண்டும். இரண்டைச் சேர்த்து விழுங்கவே கூடாது. விழுங்கி ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போடலாம். அதற்குப் பிறகு வாந்தி வந்தால் மருந்து பெரும்பாலும் உள்ளே போயிருக்கும்.

அரை மணி, ஒரு மணி முன்னே பின்னே ஆவதால் ஒன்றும் கெட்டுவிடாது. இதைச் சொல்லியே ஆக வேண்டும். ஏனென்றால் பத்து நிமிடம் தாமதமானதற்குப் பயந்து ‘இன்றைக்கு வேண்டாம், நாளைக்குச் சரியாகப் போடுவோம்’ என்று விட்டுவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். கெடுதல் செய்வது தொடர்ந்து விட்டுப்போகும் நாட்கள்தான். எஃபவிரென்ஸ் உடம்பை விட்டு மெல்ல வெளியேறும். கூட இருக்கும் மற்ற இரண்டும் அதைவிட வேகமாகக் குறையும். ஒருவர் திடீரென்று எல்லாவற்றையும் நிறுத்தினால் சில நாட்கள் ரத்தத்தில் எஃபவிரென்ஸ் மட்டும் தனியாக நிற்கும். வைரஸ் அந்த ஒரே மருந்தோடு பழகி, தன் மரபுக்குறிப்பில் ஒரே ஓர் இடத்தை மாற்றிக்கொண்டு தப்பித்துவிடும். கே103என் என்று பெயர் பெற்ற அந்த ஒற்றை மாற்றம் போதும், அவருக்கு எஃபவிரென்ஸ் பயனற்றுப்போக. டொலுடெக்ராவிரிடம் வைரஸ் இவ்வளவு எளிதாகத் தப்புவதில்லை. மருத்துவர்கள் அதன் பக்கம் சாய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால்தான் குடி விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்த வேண்டியிருக்கிறது. சம்சுவோ பியரோ குடித்த இரவில் மாத்திரை போட்டால் விஷமாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். சம்பள நாள், திருவிழா, கல்யாணம் என்று மாதத்தில் நாலைந்து இரவு இப்படியே போய்விடும். குடி ஈரலைக் கெடுக்கும், எஃபவிரென்ஸின் கிறுகிறுப்பைக் கூட்டும், நேரத்தை மறக்கடிக்கும். குறைப்பது நல்லது, நிறுத்தினால் இன்னும் நல்லது. ஆனால் குடித்துவிட்டோம் என்பதற்காக மாத்திரையை விடுவது குடித்ததைவிடப் பெரிய கேடு. சிரமமில்லாத வழி ஒன்று: கூட்டத்துக்குக் கிளம்பும் முன்பே அன்றைய மாத்திரையைப் போட்டுவிடலாம். எஃபவிரென்ஸ் போடுகிறவர் மட்டும் அதற்குப் பிறகு வண்டி ஓட்டக் கூடாது.

மற்ற மருந்துகளோடு மோதுவது தனிக் கதை, தோட்டத்தில் அது சற்று நீளமானது. ‘காஸ்ட்ரிக்’ இல்லாத லயம் கிடையாது. நேரம் தவறிய சாப்பாடும் காரமும் அப்படி. அதற்குக் கிளினிக்கில் தரும் வெள்ளைத் திரவத்திலும், கடையில் வாங்கிச் சப்பும் மாத்திரையிலும் மக்னீசியமோ அலுமினியமோ இருக்கும். டொலுடெக்ராவிர் அவற்றோடு ஒட்டிக்கொண்டு உடம்பில் சேராமலே வெளியேறிவிடும். எனவே டொலுடெக்ராவிரை அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ போட வேண்டும். இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைக்கும் இதே இடைவெளிதான். ஆனால் இரும்பு, கால்சியம் மாத்திரைகளை மட்டும், சாப்பாட்டோடு என்றால், டொலுடெக்ராவிரோடு சேர்த்தே போடலாம். கர்ப்பிணிப் பெண்களுக்குக் கிளினிக்கில் இரும்பு மாத்திரை கொடுப்பது வழக்கம் என்பதால் அவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்து இனிப்பு நீர். மலேசிய இந்தியர்களில் பெரியவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதை 2019ஆம் ஆண்டின் தேசிய நலக் கணக்கெடுப்பு காட்டியது. எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவரும் இதற்கு விலக்கு அல்ல. மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவருக்கு டொலுடெக்ராவிர் ஆரம்பித்தால் ரத்தத்தில் மெட்ஃபார்மின் அளவு கூடும். நாளுக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் டாக்டர் பார்த்துக்கொள்வார். ஆனால் நீரிழிவு மாத்திரையை ஒரு கிளினிக்கிலும், எச்.ஐ.வி. மாத்திரையை இன்னொரு மருத்துவமனையிலும் வாங்குகிறவர், இரண்டையும் ஒரே மேசையில் கொட்டிக் காட்டாவிட்டால் டாக்டருக்கு எப்படித் தெரியும்?

போதைப் பழக்கத்திலிருந்து மீள மெத்தடோன் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். மலேசியா 2005இல் மெத்தடோன் சிகிச்சையையும், அடுத்த ஆண்டு ஊசி மாற்றுத் திட்டத்தையும் தொடங்கியது. 2002இல் மட்டும் நாட்டில் 6,978 புதிய தொற்றுகள் பதிவாகி, பெரும்பகுதி ஊசிப் பழக்கத்தால் வந்திருந்ததே அதற்குக் காரணம். எஃபவிரென்ஸ், மெத்தடோனின் அளவை ரத்தத்தில் பாதியளவுக்குக் கூடக் குறைத்துவிடும். ஆரம்பித்த ஒன்றிரண்டு வாரத்தில் உடம்பு வலியும் வியர்வையும் மூக்கொழுகலும் வந்தால், எச்.ஐ.வி. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணி அதை நிறுத்துவது வழக்கம். உண்மையில் மெத்தடோன் போதாமல் போயிருக்கிறது, அளவைக் கூட்டினால் சரியாகிவிடும். காசநோய் வந்தவர் ரிஃபாம்பிசின் எடுக்கும்போது டொலுடெக்ராவிரை நாளுக்கு இரண்டு தடவையாக மாற்றுவார்கள். இரண்டாம் வரிசை மருந்தில் ரிட்டோனாவிர் இருந்தால் கொழுப்புக்கான சிம்வாஸ்டாட்டினும் ஒற்றைத் தலைவலிக்கான எர்கோடமின் மாத்திரையும் கூடவே கூடாது. மூட்டு வலிக்கு வோல்டாரன் போன்ற மாத்திரைகளை நாள்தோறும் விழுங்குவதும் டெனோஃபோவிரும் சேர்ந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படும். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்யும் உடம்புக்கு அது இரட்டை அடி.

பசார் மாலாமில் விற்கும் வலி போக்கும் ஜாமுப் பொட்டலங்கள் பற்றியும் ஒரு வார்த்தை. பதிவு பெறாத இத்தகைய பொருட்களில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்ப அறிவித்திருக்கிறது. ரிட்டோனாவிர் எடுப்பவர் உடம்பில் அந்த ஸ்டீராய்டு கரையாமல் தங்கி முகம் வீங்கும், சர்க்கரை ஏறும். டெக்சாமெத்தசோன் தன் பங்குக்குச் சில எச்.ஐ.வி. மருந்துகளின் அளவையும் குறைக்கக்கூடும். பொட்டலத்தில் ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கும் பதிவெண்ணும் ஒளிரும் முத்திரைச் சீட்டும் இருக்கிறதா என்று பார்க்கலாம். இல்லாவிட்டால் வாங்காமல் இருப்பதே மேல். சித்த மருந்தும் சின்சே மருந்தும் கேட்டுவிட்டுச் சாப்பிட வேண்டியவை. எச்.ஐ.வி.யைக் குணமாக்கும் என்று யாராவது சொன்னால் கேட்கவும் வேண்டியதில்லை. தென்னாப்பிரிக்காவில் 2000க்குப் பிறகு சில ஆண்டுகள் அரசாங்கமே மருந்தைத் தாமதப்படுத்தி, பூண்டையும் பீட்ரூட்டையும் பேசிக்கொண்டிருந்தது. அதனால் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயிருக்கும் என்று ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2008இல் கணக்கிட்டார்கள்.

முதல் மூன்று மாதம் கண்காணிப்புக் காலம். காய்ச்சலோடு உடம்பெங்கும் தடிப்பு, வாயிலோ கண்ணிலோ புண், தோல் உரிதல், கண் மஞ்சளாதல், மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திருக்கக் கூடாது. அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். நெவிராபின், அபகாவிர் எடுப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அபகாவிர் ஒவ்வாமையால் நிறுத்தப்பட்டவர் மீண்டும் ஒரு மாத்திரை சாப்பிட்டால்கூட உயிருக்கு ஆபத்து. சிடோவுடின் எடுப்பவருக்கு ரத்தசோகை வரலாம். படியேறவே மூச்சு வாங்கினால் ரத்தப் பரிசோதனை வேண்டும். மிகவும் பலவீனமாகி மருந்தைத் தொடங்கியவருக்குச் சில வாரத்தில் கழுத்துக் கட்டியும் காய்ச்சலும் வந்தால், உள்ளே பதுங்கியிருந்த காசநோயை உடம்பு இப்போதுதான் எதிர்க்கத் தொடங்கியிருக்கலாம். மருந்தை நிறுத்தாமல் டாக்டரிடம் போக வேண்டும். ஈரல் அழற்சி ‘பி’ உள்ளவர் டெனோஃபோவிரைத் தானாக நிறுத்தினால் அந்த வைரஸ் மூர்க்கமாகத் திரும்பி வரும்.

இனி, ஒளித்து வைப்பது. லயத்தில் சுவர் பாதி உயரம்தான், பக்கத்து வீட்டுப் பேச்சு இந்தப் பக்கம் கேட்கும். வைரஸ் என்ற சொல்லுக்கே இந்த மாநிலத்தில் ஒரு பழைய அச்சம் உண்டு. 1998–99இல் புக்கிட் பெலாண்டோக் வட்டாரம் காலியாகி, சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரே ஒரு வைரஸுக்குப் போய்விட்டது. நாட்டில் 105 பேர் இறந்தார்கள். அது பன்றிப் பண்ணையோடு வந்த நோய், எச்.ஐ.வி.க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பயம் மட்டும் வேறுபாடு பார்ப்பதில்லை. எனவே மாத்திரை டப்பாவின் லேபிளைக் கிழிப்பவர்களைக் குறை சொல்ல முடியாது. கிழிக்கலாம், ஆனால் மருந்தின் பெயரையும் நேரத்தையும் டப்பாவுக்குள்ளே ஒரு துண்டுச் சீட்டில் போட்டுவைக்க வேண்டும். டப்பாவில் இருக்கும் சிறு உலர்த்திப் பொட்டலத்தை எறியக் கூடாது. ஒரு மாத மாத்திரையை வைட்டமின் டப்பாவில் கொட்டிவைத்தால் ஈரக்காற்று அதைக் கெடுத்துவிடும். மறைக்க வேண்டுமானால் ஒரு வாரத்துக்கு மட்டும் வேறு டப்பாவுக்கு மாற்றலாம். தகரக் கூரைக்கு அடியில் பரணிலும் அடுப்புப் பக்கத்திலும் மோட்டார் சைக்கிள் பெட்டியிலும் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டிவிடும், அங்கே வேண்டாம். குழந்தை கைக்கு எட்டாத அலமாரி போதும்.

டாக்டரிடமும் மருந்தாளுநரிடமும் இந்த ஒளிவு மறைவு செல்லாது. அவர்களோ மறைவாகப் பேசப் பழகியவர்கள். மருத்துவமனை அட்டையில் எச்.ஐ.வி. என்பதற்குப் பதிலாகப் பெரும்பாலும் ‘ஆர்.வி.டி.’ என்றே எழுதியிருக்கும். மருந்தாளுநர் தனியறையில் உட்கார்ந்து பேசும் ‘எம்டேக்’ சந்திப்பு பல அரசு மருத்துவமனைகளில் உண்டு. 1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டப்படி எச்.ஐ.வி. சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிக்கப்பட வேண்டிய நோய். அந்தத் தகவல் தோட்ட ஆபீசுக்கோ கிராணிக்கோ போவதற்கானது இல்லை. தோட்டத்து டிரசரிடம் சொல்லலாமா என்பதை அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும். தயக்கம் இருந்தால் ரந்தாவ் ஆள் சிரம்பானில் மருந்து வாங்குவதில் ஒரு தவறும் இல்லை.

மலாய் படிக்கத் தெரியாத மூத்தவர்களுக்கு ஒட்டுச் சீட்டே ஒரு தடை. ‘செகாலி செஹாரி’ என்றால் நாளுக்கு ஒரு தடவை, ‘செபெலும் தீடோர்’ என்றால் படுக்கும் முன், ‘பெருட் கோசோங்’ என்றால் வெறும் வயிறு, ‘செலெபாஸ் மாக்கான்’ என்றால் சாப்பிட்ட பிறகு. மிஸ்ஸியிடம் கேட்டுப் பக்கத்திலேயே தமிழில் எழுதிக்கொள்ளலாம். பெண்டாட்டி பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் அவர்களையும் கூட்டிப் போகலாம். கணவனும் மனைவியும் இருவரும் மருந்து எடுப்பவர்களானாலும் ஒருவர் தீர்ந்துபோனதும் மற்றவர் டப்பாவிலிருந்து எடுக்கக் கூடாது. இருவரின் மருந்தும் ஒன்றாக இருக்கும் என்பது நிச்சயமில்லை.

மருந்து வேலை செய்கிறதா என்பதை உடம்பின் தெம்பு சொல்லாது, வைரஸ் அளவுப் பரிசோதனை சொல்லும். சில மாதங்களில் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 50க்குக் கீழே இறங்குவது இலக்கு. அப்படி இறங்கி நிலைத்திருப்பவரிடமிருந்து உடலுறவு மூலம் தொற்று பரவுவதில்லை. 2016, 2019 ஆண்டுகளில் வெளியான பார்ட்னர் ஆய்வுகளில், வைரஸ் அடங்கிய துணையிடமிருந்து பரவிய ஒரு தொற்றுகூட இல்லை. தாய்மார்களுக்கும் இதுவே பாதுகாப்பு. 1998 முதல் கர்ப்பிணிகள் எல்லாருக்கும் பரிசோதனை செய்துவரும் மலேசியா, தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று பரவுவதை ஒழித்ததாக 2018இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ் பெற்றது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் அதுவே முதல் நாடு. கர்ப்பம் தெரிந்ததும் பயந்து மாத்திரையை நிறுத்தும் பெண்கள் இதைக் கேட்க வேண்டும்: நிறுத்தாமல் சாப்பிடுவதே வயிற்றுப் பிள்ளையைக் காப்பாற்றுகிறது.

தைப்பூச விரதத்திலும் மாத்திரையை விட வேண்டாம். தண்ணீரோடு விழுங்குவது போதும். டொலுடெக்ராவிர், டெனோஃபோவிர் இரண்டுக்கும் சாப்பாடு அவசியமில்லை.

கடைசியாக ஊர் மாறுவது. நீலாய், செண்டாயான் பக்கம் தோட்டங்கள் வீட்டுமனைகளாகி, லயத்துக் குடும்பங்கள் தாமான்களுக்குச் சிதறுகின்றன. புது இடத்துக்குப் போகும் முன் பழைய மருத்துவமனையில் மாற்றுக் கடிதமும் கடைசி ரத்தப் பரிசோதனை விவரமும் வாங்கிக்கொள்ள வேண்டும். சந்திப்புக்கு நடுவே மருந்தை வேறு அரசு மருத்துவமனையில் வாங்கிக்கொள்ளும் ‘ஸ்பப்’ முறையும், தபாலில் வரவழைக்கும் சேவையும் உண்டு. தனக்குக் கிடைக்குமா என்று மருந்தகத்தில் கேட்கலாம். டப்பாவில் ஒரு வார மாத்திரை மிச்சமிருக்கும்போதே கிளம்பிவிட வேண்டும். பழனிக்கோ திருப்பதிக்கோ போகிறவர், நாட்கணக்கைவிட இரண்டு வாரம் கூடுதலாக எடுத்துக்கொண்டு, சீட்டின் நகலோடு கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். விமானச் சரக்கில் போடக் கூடாது. மலேசியாவில் இரவு ஒன்பது மணி, தமிழ்நாட்டில் மாலை ஆறரை. அந்த ஆறரைக்கே போடலாம், அங்கே ஒன்பதுக்கு மாற்றிக்கொண்டாலும் கெடுதல் இல்லை. திரும்பும் நாள் தள்ளிப்போய் மாத்திரை குறைந்தால், அதைப் பாதியாக உடைத்தோ ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டோ நாளை நீட்டக் கூடாது. கையில் இருப்பதை வழக்கம்போலப் போட்டுக்கொண்டு, தீர்வதற்கு முன்பே சிரம்பானில் உள்ள மருந்தாளுநரைத் தொலைபேசியில் கூப்பிட வேண்டும்.